குளியலறைக்கு வந்த நத்தைகள்

கண்டக்டரக்கா காலையில் வந்தார். நத்தைகள் மத்தியானம் வந்தன. இரண்டு வரவும் ஒரே நாளில் வந்து விழுந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அக்காவை முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்றுதான், ஆராய்ச்சி நிலையத்தில் நத்தை அறையின் வயர்கள் கருகிப் புகைந்தன.

அக்கா என்றால் நத்தையம்மாவின் கணவருக்கு அக்கா. ஆயுசில் பாதியை பஸ் கண்டக்டராகக் கழித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒரு பஸ் நிறைய ஆளுங்கள மேய்ச்சிட்டு வந்து வீட்டுலயும் மேய்க்கணுமா?" என்பார். சமையலறையில் நின்று தண்ணீர் கேட்டால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், அப்படி ஒரு குரல்.

நத்தையம்மா இதற்கு நேர் எதிர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று சொந்தக்காரர்களிடம் பெயர் வாங்கியவள். ஒரு மர நத்தை இனத்தைப் பராமரிப்பது அவள் வேலை. கல்யாணமான புதிதில் கணவர் கேலிக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு, நிலையத்தின் காவலாளி வரை எல்லாரும் அவளை நத்தையம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. குழந்தை இல்லாத வீட்டில் அந்த 'அம்மா'வைச் சிலர் வேறு மாதிரி சொல்லிப் பார்த்ததும் உண்டு. அதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நத்தைகள் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். மஞ்சளும் பழுப்புமாகக் கோடு போட்ட ஓடு. ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும் வாழ்ந்தவை. அடிவாரத்து வயல்களில் பெரிய நத்தைகள் பயிரை மேய்கின்றன என்று, அவற்றை ஒழிக்க ஒரு காலத்தில் ஊன் தின்னும் நத்தையை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எலிக்குப் பயந்து பாம்பை வளர்த்த கதைதான். வந்தது பெரியவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையேறிப் போய், இலைக்கு அடியில் தன்பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்த இந்தப் பொடியன்களைத் தின்று தீர்த்தது. கடைசியாக அகப்பட்டவற்றை யாரோ ஒரு புண்ணியவான் டிபன் பெட்டியில் போட்டுக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். இப்போது உலகத்திலேயே மிச்சம் இருந்தவை இருபதுக்கும் குறைவு. அத்தனையும் அந்த ஒரே அறையில், ஈரத்தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் இருந்தன.

அந்த அறையில்தான் புகை வந்தது. நத்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறையைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்திருந்த இயந்திரம் நின்றுபோனது. அந்தப் பகுதி முழுக்க வயர் மாற்றியே ஆகவேண்டும் என்று மின்பணியாளர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"பாதிய நான் வேன்ல பக்கத்து ஊரு நிலையத்துக்குக் கொண்டுபோறேன்," என்றார் இயக்குநர். "எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்தி, வழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பூண்டோட போயிடும். மீதிய என்ன பண்றதுன்னுதான்…"

"எங்க வீட்டுல பின்பக்கம் ஒரு பாத்ரூம் இருக்கு சார்," என்றாள் நத்தையம்மா. "வெயில் படாது. சுவரே எப்பவும் சில்லுன்னு இருக்கும். துணி போட்டா மூணு நாளாகும் காய."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு வழி இல்லாதபோது அவர் செய்கிற காரியம் அது.

அந்தக் குளியலறை, காலையில் வந்து இறங்கிய கண்டக்டரக்காவுக்கு ஒதுக்கிய அறையை ஒட்டி இருந்தது. அந்த வசதிக்காகவே அந்த அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். இது நத்தையம்மாவுக்கு நினைவு வந்தபோது டப்பாக்கள் மடியில் இருந்தன, டாக்சி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அக்கா கட்டிலில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தார். நடப்பதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் தாங்கி சுவரோரம் நின்றது. நத்தையம்மா ஒரு டப்பாவுக்கு மேல் ஒரு டப்பாவாகத் தூக்கிக்கொண்டு, அவர் கட்டிலைத் தாண்டிக் குளியலறைக்குள் போவதை அவர் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா அது, சாப்பாடா?"

"இல்லக்கா. நத்தை."

"என்னது?"

நத்தையம்மா விஷயத்தை விளக்கினாள். அவள் விளக்கினால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். மீதிப் பாதியை வைத்து அக்கா புரிந்துகொண்டார்.

"எச்சில் ஒழுக ஊர்ற பூச்சிக்கு அட்டாச்டு பாத்ரூம், நான் நொண்டிக்கிட்டு வீட்டைச் சுத்தணுமா? நல்லா இருக்கும்மா நியாயம்! எங்க அவன்? தம்பியக் கூப்பிடு."

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற மனிதர், வீட்டில் சண்டை என்றால் மட்டும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வந்து இரண்டு பக்கமும் கேட்டார். அக்காவைப் பார்த்து, "நீ சொல்றதும் சரிதான்" என்றார். மனைவியைப் பார்த்து, "நீ சொல்றதும் சரிதான்" என்றார்.

"ரெண்டு பேரு சொல்றதும் எப்படிடா சரியாகும்?" என்று அக்கா அதட்டினார்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். முன்பக்கக் குளியலறைக்குத்தான் போனார். அதிலிருந்தே தீர்ப்பு என்ன என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது.

முதல் சில நாட்கள் வீட்டில் பேச்சு கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் தாங்கியைத் தரையில் ஓங்கி ஓங்கி வைத்து, கூடத்தைக் கடந்து முன்பக்கக் குளியலறைக்குப் போய்வந்தார். போகும்போது ஒரு முனகல், வரும்போது ஒரு முனகல். நத்தையம்மா கூடவே போய்க் கை கொடுத்தால் வேண்டாம் என்பார். கொடுக்காவிட்டால், "ஒரு பேச்சுக்காவது வரட்டான்னு கேக்கறியான்னு பார்த்தேன்" என்பார்.

அப்புறம் பிசியோதெரபி செய்யும் பெண் வந்தாள். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "அட, பரவாயில்லையே! வீட்டுக்கு வந்தா எல்லாரும் கட்டிலே கதின்னு கிடப்பாங்க. நீங்க நல்லா நடந்திருக்கீங்க. யாரு உங்கள நடக்க வச்சது?" என்றாள்.

அக்கா குளியலறைக் கதவை முறைத்தார். தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போய்விட்டார்.

நத்தையம்மா குளியலறையில் ஒரு மர அலமாரியை வைத்து அதில் டப்பாக்களை அடுக்கியிருந்தாள். காலையிலும் மாலையிலும் அவளுக்கு அங்கே வேலை. காய்ந்த இலைப்பொடி, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் சுண்ணாம்புப்பொடி மூன்றையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, டப்பாவின் உள்சுவரில் தூரிகையால் பூசுவாள். நத்தைகள் தலைகீழாகத் தொங்கியபடி அதைச் சுரண்டித் தின்னும். பழைய ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதியதை விரிப்பாள். எடுத்த தாளை அப்படியே போட்டுவிட மாட்டாள். வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, முன்னும் பின்னும் பார்த்த பிறகுதான் குப்பைக்குப் போகும். இந்த இனம் முட்டையிடாமல் குட்டி போடும். பிறந்த குட்டி எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம். தாளின் மடிப்பில் ஒளிந்தால் ஆண்டவனுக்கும் தெரியாது.

ஆனால் குட்டி பிறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. கிழ நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. புதிதாக ஒன்றும் வரவில்லை. இருந்தும் அவள் தினமும் தாளைப் பிரித்துப் பார்ப்பாள். இயக்குநரேகூட ஒருமுறை, "இன்னுமா பார்க்கறீங்க?" என்று கேட்டார். பழக்கம் சார் என்றாள்.

அக்காவின் கட்டிலிலிருந்து பார்த்தால் குளியலறைக் கதவு நேரே தெரியும். கால் நீட்டிப் படுத்திருப்பவருக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? முதலில் வேண்டா வெறுப்பாகப் பார்த்தார். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னார், காற்று வரட்டும் என்று. குளியலறையிலிருந்து என்ன காற்று வரும் என்று நத்தையம்மா கேட்கவில்லை.

"இதுல ஆணு எது, பொண்ணு எது?" என்றார் ஒருநாள்.

"அப்படித் தனியா இல்லக்கா. ஒவ்வொண்ணும் ரெண்டும்தான்."

அக்கா யோசித்தார். "அப்போ நாத்தனார் சண்டையே வராது."

நத்தையம்மா சிரித்துவிட்டாள். சத்தம் போட்டுச் சிரித்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

"இங்க எத்தனை டிக்கெட்டு?"

"ஒன்பது."

"ஒன்பது உருப்படிக்கா இவ்வளவு பாடு? இதுங்க இருந்தா யாருக்கு லாபம், இல்லாட்டி யாருக்கு நஷ்டம்?"

இந்தக் கேள்வியை நத்தையம்மாவிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நிலையத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இயக்குநர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. காடு, உதிர்ந்த இலை, மண், மழை என்று நீளும். அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்குதேக்கா," என்றாள். "இருக்கறத எப்படி விடறது?"

அக்கா காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எங்க ரூட்டுல கடைசி ட்ரிப்புன்னு ஒண்ணு உண்டு," என்று ஆரம்பித்தார். "சில நாளு ஒரே ஒரு ஆளு உக்காந்திருப்பான். டிரைவரு என்னையப் பார்த்துப் பல்லைக் கடிப்பாரு, ஒருத்தனுக்காக அம்புட்டு தூரம் ஓட்டணுமான்னு. நான் விசில் அடிச்சிடுவேன். டிக்கெட்டு கிழிச்சாச்சு, அப்புறம் என்ன பேச்சு?" நிறுத்திவிட்டு, "அந்த மேல் டப்பால இருக்கறவன் ரெண்டு நாளா அசையல. பாரு" என்றார்.

பார்த்தாள். தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வெயில் ஏறியது. தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டியது. நிலையத்தில் வயர் வேலை முடிகிற கட்டம், ஈரப்பத இயந்திரத்தை ஓட்டிப்பார்க்க நத்தையம்மா வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குளியலறையில் சின்ன மின்விசிறியைப் போட்டு, அதன் முன்னால் ஈரத்துணியைத் தொங்கவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். கணவர் கடைக்குப் போயிருந்தார்.

மத்தியானம் திரும்பும் வழியில், ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நின்றுபோனது. விளக்கும் விசிறியும் அணைந்தன. ஊரில் பாதிக்கு மின்சாரம் போய்விட்டது என்று யாரோ கைபேசியைப் பார்த்துச் சொன்னார்கள். அதே சமயம் அவள் கைபேசி அடித்தது.

"ஏம்மா, இங்க கரண்ட் போச்சு," என்றார் அக்கா. "ஃபேன் நின்னுடுச்சு. இதுங்கள என்ன பண்ணணும்? சட்டுன்னு சொல்லு."

"ஃப்ரிட்ஜ்ல ஐஸ் இருக்குக்கா. அதைத் துண்டுல சுத்தி, வாளியில போட்டு, அலமாரிக்குக் கீழ வைங்க. டப்பா மேல நேரா படக்கூடாது. துண்டை நனைச்சு நனைச்சு அலமாரியச் சுத்திப் போடுங்க. தாளு காயாமப் பார்த்துக்கங்க. அப்புறம் முக்கியமா…"

அவ்வளவுதான். பேச்சு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணியே போகவில்லை. கைபேசிக் கோபுரங்களும் படுத்துவிட்டன போலிருந்தது.

முக்கியமாக என்று அவள் சொல்ல வந்தது, பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதுதான்.

ரயில் கதவைத் திறந்து, எல்லாரையும் தண்டவாள ஓரமாக இறங்கி நடக்கச் சொன்னார்கள். நத்தையம்மா நடந்தாள். ஓடினால் மயங்கி விழுந்துவிடுவோம் என்று தெரிந்து, ஓடாமல், நிற்காமல் நடந்தாள். அந்த அறையில் இப்போது என்ன சூடு இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டபடியே வந்தது. அக்காவால் வாளி தூக்க முடியாதே, குனிய முடியாதே, ஈரத் தரையில் வழுக்கினால் முழங்கால் என்ன ஆகும்? நத்தைகளை நினைத்துக்கொண்டு நடந்தவள், பாதி வழியில் அக்காவை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

கட்டடத்தின் படியேறும்போதே சத்தம் கேட்டது.

"தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க! வாளிய உள்ள கொடுத்துட்டு அப்படியே பின்னாடி போங்க! வழியில நிக்காதீங்க!"

வீட்டு வாசலில் எதிர்வீட்டுத் தையல்காரி நின்றிருந்தாள், கையில் உறைந்த பட்டாணிப் பொட்டலங்கள். மாடிவீட்டு டாக்சிக்காரர் மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். முகம் மட்டும் பார்த்துப் பழகிய இன்னும் சிலர் வரிசையில் நின்றார்கள். கரண்ட் போனதும் அக்கா படிக்கட்டின் மேற்படியில் தாங்கியோடு வந்து நின்று, தன் சர்வீஸ் விசிலை எடுத்து ஊதியிருக்கிறார். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று எல்லாரும் ஓடிவந்திருக்கிறார்கள். வந்தவர்களிடம், "எப்படியும் உங்க ஃப்ரிட்ஜுல உருகத்தானே போகுது? எங்க வீட்டுல உருகட்டும், கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். நத்தைக்கு என்று அவர் சொல்லவில்லை. உயிருக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அக்காவின் முழங்காலுக்கு என்று நினைத்துத்தான் பாதிப் பேர் கொண்டுவந்தார்கள்.

குளியலறை குகை மாதிரி குளிர்ந்திருந்தது. வாளிகளும் பாத்திரங்களுமாகக் கால் வைக்க இடமில்லை. நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை ஒரு வாளி மேல் நீட்டி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? பாரு, எல்லாம் சீட்டுல பத்திரமா இருக்குதுங்க."

நத்தையம்மா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். ஒன்பதும் உயிரோடு இருந்தன. ஒன்று கொம்பை நீட்டி இவளைத் துழாவியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸில் கிடந்து விரலெல்லாம் சுருங்கியிருந்தது.

பிறகுதான் கவனித்தாள். டப்பாக்களில் தாள் புதிதாக இருந்தது.

"தாளு மாத்தினீங்களாக்கா?"

"ஆமா. வறண்டு போச்சு. நீ செய்யற மாதிரியே நல்ல தாளா நனைச்சு விரிச்சுட்டேன். ஏன், சரியில்லையா?"

"இல்ல, ரொம்ப சரியா இருக்கு. பழசு எங்கக்கா?"

"குப்பைக் கூடையிலதான். வேற எங்க?"

நத்தையம்மா சமையலறைக்குப் போய்க் கூடையைத் தூக்கி வந்து, கூடத்துத் தரையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதில் மெதுவாகச் சாய்த்தாள். பழத்தோல், ஐஸ் பொட்டலங்களின் உறை, கசங்கிய ஈரத்தாள்கள். ஒரு தாளை எடுத்து விரலால் பிரித்தாள்.

அக்கா தாங்கியோடு வந்து நின்றார். முகம் மாறியிருந்தது.

"குப்பையவா சோதிக்கற? நான் ஏதாச்சும் கொன்னு மறைச்சுட்டேன்னா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. பழக்கம். குட்டி இருந்தா…"

"இத்தனை காலமா இல்லாத குட்டி இன்னிக்கா வரப்போகுது? நீதானே சொன்ன?"

"ஆமாக்கா. இருக்காது. சும்மா பார்த்துடறேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தார். அந்நேரம் கடையை மூடிவிட்டுக் கணவரும் வந்து சேர்ந்தார். தரையில் பரப்பிய குப்பையையும், இரண்டு முகங்களையும் பார்த்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

மூன்றாவது தாளா, நாலாவது தாளா என்று அவளுக்கு நினைவில்லை. கசங்கலின் உள்மடிப்பில் ஒரு புள்ளி இருந்தது. ஓட்ஸ் துகளாக இருக்கும் என்று நினைத்தாள். விரலால் தொடப் போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள், "உங்க பையில லென்ஸ் இருக்கா?"

கடையில் ஃபிரேமின் பொடித் திருகுகளைப் பார்க்கும் லென்ஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் கையில் தாள் இருந்ததால் அவரே மண்டியிட்டுப் பிடித்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோடு இருக்குதா?" என்றாள்.

"மஞ்சளா ஒண்ணு," என்றார் அவர், குரல் இறங்கி. "ரொம்ப மெல்லிசா."

தூரிகையின் முனையால் அவள் அதன் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். வாசலில், கொடுத்த பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்த தையல்காரி எதுவும் புரியாமலே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். புள்ளியிலிருந்து ஒரு நூலிழை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. கொம்புகள்.

நத்தையம்மா அழவில்லை. தாளோடு சேர்த்து அதைத் தனி டப்பாவில் வைத்து, குளியலறைக்குக் கொண்டுபோய், அலமாரியில் இடம் பார்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தபோதுதான் அக்கா அழுவதைப் பார்த்தாள். அந்தக் குரல்காரர் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

"கூடையில போட்டுட்டேனேம்மா. நானே என் கையால கசக்கிக் கூடையில போட்டேனே. நீ பார்க்காம இருந்திருந்தா?"

"நீங்க ஐஸ் வைக்காம இருந்திருந்தா பிறந்தே இருக்காது. தாயே போயிருக்கும்."

"சமாதானம் சொல்லாத."

"சமாதானம் இல்லக்கா. சூடு தாங்காதுங்க அதுங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எது பெத்தது?" என்றார்.

"நடு டப்பாவா இருக்கணும். எதுன்னு தெரியாது."

"பாரேன்! வலின்னு ஒரு வார்த்தை சொல்லலியே. நான் பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

கணவர்தான் முதலில் சிரித்தார்.

கைபேசி உயிர் பெற்றதும் இயக்குநரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நல்லா பார்த்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றாள். "சாப்பிடுதா?" என்றார். இன்னும் இல்லை என்றாள். "நான் வரட்டுமா?" என்றார். ரயில் ஓடவில்லை சார் என்றாள். அவர் ரயிலுக்காகக் காத்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் வேனை எடுத்துக்கொண்டு வந்து, குளியலறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸ் வழியே பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க மறந்து, அதைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

அடுத்து வந்த நாட்கள் எளிதாக இல்லை. குட்டி தின்னாமல் ஒரு மூலையில் ஒட்டிக்கிடந்தது. இவ்வளவு சின்னது பிழைக்குமா என்பது நத்தையம்மாவுக்கே சந்தேகம்தான். முன்பு பிறந்தவற்றில் பல முதல் வாரம் தாண்டியதில்லை. அதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் அக்கா தாங்கியை எடுத்துக்கொண்டு முதலில் போவது முன்பக்கக் குளியலறைக்கு அல்ல. ஒருநாள் அங்கிருந்து குரல் வந்தது. கட்டடமே கேட்டிருக்கும்.

"ஏம்மா! சுவத்துல சுரண்டின தடம் இருக்கு, வந்து பாரு!"

இருந்தது. பசையில், ஊசியால் கீறிய மாதிரி ஒரு வளைந்த கோடு. குட்டி அதன் முடிவில், வயிறு நிறைந்த அசதியில் ஓட்டுக்குள் போயிருந்தது.

நிலையத்தில் அறை தயாரானதும் நத்தைகள் திரும்பிப் போயின. கொஞ்ச நாளில் அக்காவும் தாங்கியை விட்டுக் கைத்தடிக்கு மாறி, தன் வீட்டுக்குப் போனார். போகும்போது நத்தையம்மாவிடம், "உன் சத்தமே கேக்காதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. குப்பையப் பிரிக்கறப்ப நான் அவ்வளவு கத்தியும் நீ நிறுத்தல பாரு" என்றார். புகழ்கிறாரா, குறை சொல்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். தம்பி நலமா என்று கேட்பது கடைசியாகத்தான் வரும்.

அந்தக் குட்டி வளர்ந்தது. வளர்ந்து அதுவும் குட்டி போட்டது. ஏன் அந்தக் கோடையில் திடீரென்று பிறப்பு தொடங்கியது என்பதற்கு இயக்குநரிடம் ஒரு விளக்கமும் இல்லை. ஐஸ் குளிரா, இடமாற்றமா, சும்மா காலம் கூடி வந்ததா, யாருக்கும் தெரியாது. பல வருஷம் கழித்து அது ஒரு நாள் அசையாமல் கிடந்தபோது, நத்தையம்மா அதை மற்றவற்றைப் போலவே சின்னக் கண்ணாடிக் குப்பியில் வைத்து மூடினாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அறையில் டப்பாக்கள் வைக்க இடம் போதவில்லை என்று புது அலமாரி செய்யச் சொல்லியிருந்தார்கள். தச்சர் அளவெடுக்க வந்துவிட்டதால் எழுந்து போனாள்.

மலைச்சரிவில் ஒரு சிறு காட்டுத்துண்டைச் சுற்றி, ஊன் தின்னும் நத்தை ஏறமுடியாதபடி மடிப்பு வைத்த தகரவேலி போட்டார்கள். உள்ளே இருந்த அந்தப் பகை நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியேற்றினார்கள். அதற்கே இரண்டு மழைக்காலம் பிடித்தது. மூன்றாவது மழைக்காலத்தில், முதல் நத்தைக் கூட்டத்தைக் காட்டுக்குள் விட அனுமதி வந்தது. நத்தையம்மா கணவரையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு போனாள். அக்கா அடிவாரம் வரை பஸ்ஸில் வந்தார். அந்த பஸ் கண்டக்டர் பயலுக்குச் சில்லறை கொடுக்கவே தெரியவில்லை என்று வழி முழுக்கப் புலம்பினார்.

காட்டுக்குள் அகலமான இலைகளைக் கொண்ட மரங்கள். நத்தையம்மா டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து இலைகளின் அடிப்பக்கத்தில் ஒட்டவைத்தாள். அவை பிடித்துக்கொண்டன. அதற்கு மேல் பார்ப்பதற்கு ஒன்றும் நடக்கவில்லை. வந்திருந்த அதிகாரி ஒருவர் படம் எடுக்கக் கைபேசியை நீட்டியபடி காத்திருந்து, கை வலித்து இறக்கிவிட்டார்.

தூறல் விழுந்தது. இலைகள் ஆடின. மஞ்சள் கோடு போட்ட ஒன்று மெல்ல ஊர்ந்து, இலை நரம்பைக் கடந்து, கிளைப்பக்கம் திரும்பியது. அடுத்த இலைக்குப் போய்விட்டதா, அதே இலையில்தான் இருக்கிறதா, கீழிருந்து பார்த்தால் தெரியவில்லை.

"எங்க போச்சு?" என்றார் அக்கா, வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிந்த குரலில்.

"தெரியலக்கா," என்றாள் நத்தையம்மா.

மழை வலுத்தது. வேலிக் காவலர் எல்லாரையும் இறங்கச் சொன்னார். பாதை வழுக்கும் என்று அக்காவின் ஒரு கையைத் தம்பியும் மறு கையைத் தம்பி மனைவியும் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கினார்கள்.